என்னை நடக்க விடாத பிளேக்

"நடக்கறதுக்கு என்ன மாமி செலவு?" என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பேப்பரில் எழுதுகிறார்கள், டிவியில் சொல்கிறார்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ஜாங்கிரியை விழுங்கிக்கொண்டே உபதேசம் பண்ணுகிறார். காலை எடுத்து வைத்தால் ஆச்சாம். ஆச்சா? எங்கே எடுத்து வைப்பது, யாரிடம் கேட்டுக்கொண்டு எடுத்து வைப்பது, எதைப் போட்டுக்கொண்டு எடுத்து வைப்பது என்று இவர்களில் ஒருத்தராவது சொன்னதுண்டா? நான் சொல்கிறேன். எனக்குத் தெரியும்.

தொண்ணூற்று நாலாம் வருஷம், ஆகஸ்ட் மாசம். அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. மயிலாப்பூரில் ஒரு ஃப்ளாட்டில் இருந்தோம், நானும் என் வீட்டுக்காரரும். அவருக்குத் தேனாம்பேட்டையில் ஆபீஸ். நான் சாயங்காலத்தில் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு ஹிந்தி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சும்மா இருந்தாலே அசதி, ராத்திரி நாலு தடவை எழுந்திருக்க வேண்டியிருந்தது. அடையாறில் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை நல்லா ஏறியிருக்கும்மா" என்றார்.

என் அம்மாவுக்கும் இதே சர்க்கரைதான். முழங்காலுக்குக் கீழே ஒரு காலை எடுத்துவிட்டு, கடைசி ஆறு வருஷம் கட்டிலிலேயே இருந்தாள். அவளைக் குளிப்பாட்டி, துடைத்து, புரட்டிப் போட்டவள் நான்தான். அந்தக் கட்டிலில் நானும் போய்ப் படுக்கக் கூடாது. எனக்கு வேறு ஒரு ஆசையும் கிடையாது, சத்தியமாக.

"இப்பவே ஊசி போட வேண்டாம். ரெண்டு மாசம் டைம் தரேன். மாத்திரை சாப்பிடுங்க, இனிப்பைத் தொடாதீங்க, தினம் நாப்பது நிமிஷம் வேகமா நடங்க. கேன்வாஸ் ஷூ போட்டுக்கிட்டு நடங்க, கால்ல ஒரு கீறல் படக்கூடாது. அக்டோபர் நடுவுல வாங்க, பாப்போம்" என்றார் டாக்டர்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பார்க் இருந்தது. தெருச் சங்கத்துக்காரர்கள் பார்த்துக்கொண்டது. ஒன்பது கஜம் இல்லையென்றாலும் ஆறு கஜமாவது சுற்றிக்கொண்டு, கீழே வெள்ளைக் கேன்வாஸ் ஷூவோடு ஒரு மாமி விடிகாலையில் வேகமாக நடந்தால் எப்படி இருக்கும்? முதல் நாள் பேப்பர் போடுகிற பையன்கள் இரண்டு பேர் சைக்கிளை நிறுத்திவிட்டார்கள். "இன்னா மாமி, பஸ்ஸு பூட்ச்சா?" என்று ஒருத்தன் கேட்டான். "ஆமாண்டா, நீ ஏத்திண்டு போறியா?" என்றேன். அடுத்த நாளிலிருந்து வணக்கம் போட்டார்கள். பையன்களைச் சமாளித்துவிடலாம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரிடையரான பெரிய மனுஷர்கள்தான் நான் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு ஷூவையே பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று நடந்தேன்.

ஆறு வாரம் நடந்தேன். ஒரு நாள் விடவில்லை. நடுவில் ஒரு தடவை ரத்தம் பார்த்ததில் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. ரிப்போர்ட்டைப் பூஜை அலமாரியில் வைத்து நமஸ்காரம் பண்ணினேன். இவர் சிரித்தார். சிரிக்கட்டும், எனக்கென்ன?

செப்டம்பர் கடைசியில் சூரத்தில் பிளேக் என்று செய்தி வந்தது. அவ்வளவுதான், மெட்ராஸே வேறு ஊராகிவிட்டது. பஸ்ஸில் மூக்கில் கர்சீப்பைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். டெட்ராசைக்ளின் மாத்திரை ஒரு மருந்துக் கடையிலும் கிடைக்கவில்லை; வாங்கினவர்கள் எல்லாம் அரிசி மாதிரி டப்பாவில் கொட்டி வைத்துக்கொண்டார்கள். டிவியைப் போட்டால் எலி. பால் பூத்தில் எலி, கோயில் வாசலில் எலி, எல்லாம் பேச்சில்தான். எங்கள் தெருவில் ஒரு செத்த எலிகூட நான் பார்க்கவில்லை.

ஒரு நாள் காலையில் பார்க் வாசலில் பூட்டு. பலகையில் சாக்பீஸால் "நோய் அபாயம் காரணமாக மூடப்பட்டுள்ளது" என்று எழுதியிருந்தது. சரி, எல்லாருக்கும் வந்த கஷ்டம் என்று திரும்பி வந்துவிட்டேன்.

நாலு நாள் கழித்துத்தான் கவனித்தேன். இவர் பால் வாங்கப் போனால் ஒரு மணி நேரம் ஆகிறது. கேட்டால், "க்யூ நின்னுண்டிருக்கு" என்கிறார். பால் பூத்தில் என்ன, திருப்பதி தரிசனமா நடக்கிறது? ஐந்தாம் நாள் பின்னாலேயே போனேன். பார்க்குக்குப் பின் பக்கத்தில் தோட்டக்காரன் வந்துபோக ஒரு சின்னக் கேட் உண்டு. அது திறந்திருந்தது. உள்ளே பெஞ்சு மனுஷர்கள் அத்தனை பேரும் கையை வீசி ஜோராக நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களோடு கழுத்தில் கர்சீப்பும் கையில் பால் பாக்கெட்டுமாக என் வீட்டுக்காரர்.

எங்கள் ஃப்ளாட்டின் செகரட்டரி மாமாதான் பார்க் சங்கத்துக்கும் செகரட்டரி. அவர்தான் கேட்டருகே நின்றார்.

"பார்க் மூடியிருக்குன்னு போட்டிருக்கேளே மாமா?" என்றேன்.

"பப்ளிக்குக்கு மூடியிருக்கும்மா. நாங்க பத்து பேர்தான். எல்லாம் தெரிஞ்சவா. ஜாக்கிரதையா இருக்கோம்."

"என்னையும் தெரியுமே. எதிராத்துலதானே இருக்கேன்."

"நீங்க வந்தா இன்னும் நாலு லேடீஸ் வருவா. அவா பின்னாடி குழந்தைகள் வரும். குழந்தைகள் பின்னாடி வேலைக்காரா வருவா. அப்புறம் கண்ட்ரோல் பண்ண முடியாது. உயிர் விஷயம் பாருங்கோ."

"எனக்கும் உயிர் விஷயம்தான் மாமா. சர்க்கரை இருக்கு. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கா."

"ஆத்துல பண்ற வேலையே எக்ஸர்சைஸ்தானேம்மா" என்று சொல்லி, கேட்டைச் சாத்தினார். மரியாதையாக, மெதுவாகத்தான் சாத்தினார். சாத்தினது சாத்தினதுதானே?

வீட்டுக்கு வருகிற வழியில் இவர் என்ன சொன்னார் தெரியுமா? "பத்து பேருக்கு நடுவுல என் மானத்தை வாங்கிட்டியே." அவருடைய மானம்! எனக்குச் சர்க்கரை, எனக்கு இரண்டு மாசக் கெடு, போனது அவருடைய மானம்.

"நீங்களாவது எனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?"

"நாலு நாள் பொறுத்துக்கோயேன். குடியா முழுகிடும்?"

ரோட்டில் நடந்திருக்கலாமே என்பீர்கள். நடந்தேன். ஒரு நாள் நடந்தேன். மழைநீர்க் கால்வாய்க்காகத் தோண்டி, மண்ணைக் குவித்து வைத்திருந்தார்கள். அந்தப் புழுதியில் போய்விட்டு வந்து, மாடிப்படி ஏறும்போது தும்மினேன். ஒரே ஒரு தும்மல். செகரட்டரி வீட்டு மாமி கதவைத் திறந்து பார்த்து, பட்டென்று சாத்தினாள். சாயங்காலம் ஹிந்திக்கு ஒரு பிள்ளைகூட வரவில்லை. பன்னிரண்டு பிள்ளைகள்! மறுநாள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் போன் வந்தது, "கொஞ்ச நாள் போகட்டும் டீச்சர்" என்று. "பார்த்தியா, சொன்னா கேக்கறியா நீ?" என்றார் இவர். அதன்பிறகு ரோட்டில் கால் வைக்க எனக்கே பயமாகிவிட்டது. பிளேக்குக்குப் பயந்தேன் என்று சொன்னால் பொய். ஊர் வாய்க்குத்தான் பயந்தேன். அந்தப் பயத்தை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

மொட்டை மாடிக்குப் போகலாமென்றால் அங்கே தண்ணீர் டேங்க் இருக்கிறது, யாராவது கிருமியைக் கொண்டுபோய்க் கலந்துவிடுவார்கள் என்று பூட்டு. கூடத்திலேயே நடந்தேன். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் பதினோரு அடி. இவர் டிவியில் எலியைப் பார்த்துக்கொண்டிருப்பார். "அப்படி இப்படி அலையாதே, தலை சுத்தறது" என்பார். கீழ் வீட்டுக்காரர் வந்து, "மேல என்ன மாமி, அம்மி கொத்தறேளா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இதற்கிடையில் ஃப்ளாட்டில் வேலைக்காரர்கள் யாரும் வரக்கூடாது என்று இன்னொரு உத்தரவு. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த பெண் அடையாற்றங்கரைக் குப்பத்திலிருந்து வருகிறவள். ஒன்பது வருஷமாக தினமும் நடந்தே வந்து நடந்தே போவாள். வாட்ச்மேன் அவளைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டான். நான் பால்கனியில் நின்றேன், அவள் ரோட்டில் நின்றாள்.

"இன்னாம்மா இது அநியாயம்? உன்னிய உள்ள வச்சிப் பூட்டிக்கினாங்கோ, என்னிய வெளிய வச்சிப் பூட்டிக்கினாங்கோ. அந்தப் பெருசுங்க மட்டும் பார்க்காண்ட கைய வீசிக்கினு போவுது. அதுங்களுக்கு நோவு வராதா?" என்று தெருவே கேட்கக் கத்தினாள். எனக்குக் கையைத் தட்டலாம் போலிருந்தது.

அவள் போனபிறகு வீட்டைப் பெருக்கி, துடைத்து, பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து முடிக்கிறபோது இடுப்பு விட்டுப்போகும். சர்க்கரை இறங்கியதா? அது தெரியாது. நாள்தான் இறங்கிக்கொண்டிருந்தது. கெடுவுக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

அப்போதுதான் நவராத்திரி வந்தது. அதிசயத்தைக் கேளுங்கள். வீட்டை விட்டு இறங்காதே என்ற அதே வாய், "மாம்பலத்துல அத்தையாத்துக் கொலுவுக்கு நீ போகலேன்னா நன்னாயிருக்காது. அப்புறம் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவா" என்றது. எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்றே சந்தேகம் வந்தது.

"பிளேக்?"

"நம்ம மனுஷாளாத்துக்குத்தானே போறே? மஞ்சள் குங்குமத்தை வேண்டாம்னு சொல்லப்படாது."

ஆக, நாற்பது நிமிஷம் நடந்தால் பிளேக் வரும். நாற்பது பேர் மூச்சு விடுகிற கூடத்தில் ஜமக்காளத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து பாட்டுப் பாடினால் வராது! வெற்றிலை பாக்குத் தட்டைப் பார்த்தால் கிருமி கும்பிட்டுவிட்டுப் போய்விடும் போலிருக்கிறது. செகரட்டரி வீட்டு மாமிகூட, தும்மலுக்குக் கதவைச் சாத்தினவள், சிரித்துக்கொண்டே வந்து கொலுவுக்கு அழைத்தாள்.

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், கிடைத்த வழியை விடக்கூடாது என்று ஒரு யோசனை பண்ணினேன். ஒன்பது நாளும் தூரத்து வீடாகப் பார்த்துப் போவது, போகும்போது நடந்தே போவது, திரும்பும்போது பஸ். மேற்கு மாம்பலத்தில் அத்தை, தி.நகரில் ஒன்றுவிட்ட அக்கா, அடையாறில் இவருடைய சிநேகிதர் வீடு. வருஷக் கணக்காகப் போகாத வீட்டுக்கெல்லாம் நானே போன் பண்ணி, "கொலு வச்சிருக்கேளா?" என்று கேட்டேன். வெட்கத்தைப் பார்த்தால் முடியுமா?

ஆனால் ஷூ? பட்டுப்புடவைக்குக் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு கொலுவுக்குப் போகிற பெண்பிள்ளை எங்கள் கூட்டத்தில் யாராவது உண்டா? வாசலுக்கு வாசல் குனிந்து நாடா அவிழ்ப்பதும் கட்டுவதுமாக நிற்க முடியுமா? எடுத்துப் போட்டுக்கொண்ட என்னைப் பார்த்து இவர், "சர்க்கஸுக்கா போறே? கழட்டு" என்றார். கழற்றினேன். அங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். அதை யார் தலையிலும் போட மாட்டேன். புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன்.

மழை வேறு. தி.நகர் போவதற்குள் செருப்பு ஊறிவிட்டது. அதிலேயே வேகமாக நடந்தேன். என்ன சுகம் என்கிறீர்கள்! பத்து நாள் கூண்டில் கிடந்தவள் நான். நெஞ்சு நிறைய மூச்சு வாங்கிக்கொண்டு, பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களையெல்லாம் தாண்டி நடந்தேன். உஸ்மான் ரோடு கூட்டத்தில்கூட வேகத்தைக் குறைக்கவில்லை.

போன இடத்தில் சர்க்கரைப் பொங்கல். "எனக்குச் சர்க்கரை இருக்கு, வேண்டாம்" என்றால், "ஸ்வாமி பிரசாதம், ஒண்ணும் பண்ணாது, வேண்டாம்னு சொன்னா பாவம்" என்று கையிலேயே வைத்தார்கள். இத்தனை தூரம் நடந்தோமே என்று ஒரு வாய் போட்டுக்கொண்டேன். அடுத்த வீட்டில் பாயசம். அதற்கு அடுத்த வீட்டில் புட்டு. யாரும் விடவில்லை.

நாலாம் நாளே இடது காலில் சுண்டுவிரல் பக்கத்தில் கொப்புளம். உடைந்து நீர் வடிந்தது. மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் போட்டுக்கொண்டேன். சொன்னால் நடையும் போய்விடும் என்று இவரிடம் சொல்லவில்லை. நொண்டாமல் நடக்கப் பழகிக்கொண்டேன். மூன்று நாளில் வலியே தெரியவில்லை. ஆறிவிட்டது என்று நினைத்தேன். சர்க்கரைக்காரிக்கு வலி தெரியாமல் போவதுதான் பயப்பட வேண்டிய விஷயம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்; அம்மாவைப் பார்த்தவள்தானே நான்? தெரிந்துகொள்ள மனசு வரவில்லை.

எட்டாம் நாள் அடையாறு பாலத்தில் எதிரே வந்தாள் எங்கள் வேலைக்காரப் பெண். நின்று பேச ஆரம்பித்ததும் மூக்கைச் சுளித்தாள்.

"இன்னாம்மா நாத்தம் இது? கால்ல இன்னா? காட்டு."

"ஒண்ணுமில்லேடி."

"ஒண்ணுமில்லியா? விரலு கறுத்துப் போய்க் கீது! சர்க்கரை வச்சிக்கினு இன்னா வெளாட்டும்மா இது? மொதல்ல டாக்டராண்ட போ. கொலுவு எங்கியும் ஓடிப் போவாது."

எட்டு நாளில் எத்தனை வீடு, எத்தனை சுமங்கலிகள்! காலைத் தொட்டு நலங்குகூட இட்டார்கள் ஒரு வீட்டில். ஒருத்தி கண்ணிலும் படாதது, நடுப் பாலத்தில் இவள் கண்ணில் பட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நேராக வீட்டுக்குப் போய் இவரிடம் காலைக் காட்டினேன். முகம் வெளுத்துப்போனார். "நாளைக்கு சரஸ்வதி பூஜை, டாக்டர் இருக்க மாட்டா" என்றார். அப்புறம் விஜயதசமி. அது முடிந்துதான் போனோம்.

டாக்டர் காலைப் பார்த்தார். ரிப்போர்ட்டைப் பார்த்தார். முதல் நாளைவிட அதிகம்.

"என்னம்மா இது? நல்லா இறங்கிட்டிருந்துதே. நடக்கறதை விட்டுட்டீங்களா? ஷூ எங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் ஆரம்பித்துவிட்டார். "நான் தலைதலையா அடிச்சுண்டேன் டாக்டர். சொன்ன பேச்சைக் கேட்டாத்தானே? செருப்பைப் போட்டுண்டு கொலு கொலுன்னு ஊர் சுத்திட்டு, போற இடத்துல எல்லாம் ஸ்வீட்டு. சோம்பேறித்தனம் டாக்டர். பார்க் தெருக்கோடியில இருக்கு, பாருங்கோ."

டாக்டர் என்னைப் பார்த்து, "படிச்சவங்க நீங்களே இப்படிப் பண்ணலாமா?" என்றார்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? தும்மலிலிருந்தா, சாத்தின கேட்டிலிருந்தா? ஒன்றே ஒன்றுதான் கேட்க வந்தது.

"டாக்டர், நீங்க இவரைக் கேளுங்கோ. இவர் நடந்தாரான்னு."

டாக்டர் எழுதிக்கொண்டே, சும்மா மரியாதைக்கு, "நீங்க நடக்கறீங்களா சார்?" என்றார்.

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் என்ன பெருமை!

"டெய்லி டாக்டர். நம்ம பார்க்குலதான். ஒரு நாள் விடமாட்டேன். பிளேக்குன்னு ஊரே கதவைச் சாத்திண்டு கிடந்ததே, அப்பகூட நான் விடலை."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அவர் வேறெதுவும் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. இவருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. டாக்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே ஊசி ஆரம்பித்தார்கள். அந்த வாரமே சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள்.